லுட்விக், லூயி, அலோசியுஸ்: மூன்றும் ஒரே பெயரா? அதன் பொருள் என்ன?

கேள்வி: கடலோரப் பங்கு

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு மறைந்த என் தந்தையாரின் பெயரைப் பற்றிய ஓர் ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன்.

ஊரில் அவரை ஞானப்பிரகாசம் வாத்தியார் என்றே எல்லோரும் அறிவார்கள். குடும்ப அட்டை, ஓய்வூதியப் புத்தகம், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் அந்தப் பெயரே இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்குவதற்காகப் பழைய தாள்களைப் புரட்டியபோது அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழ் கையில் கிடைத்தது. மடிப்பு விழுந்த இடங்களில் எல்லாம் கிழிந்து, பின்புறம் காகிதத் துண்டுகள் ஒட்டப்பட்ட அந்தத் தாளில், பெயருக்குரிய கட்டத்தில் நீல மையால் லத்தீன் முறைப்படி அலோசியுஸ் என்று எழுதி, அதன் கீழே சிறிய எழுத்தில் ஞானப்பிரகாசம் என்று தமிழில் எழுதியிருக்கிறார்கள். அறுபது வயதை நெருங்கும் நான் என் தந்தைக்கு இப்படியொரு பெயர் இருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

என் தங்கையின் மகள் ஜெர்மனியில் மியூனிக் நகரில் வசிக்கிறாள். அவளுக்கு இன்னும் இரண்டு மாதங்களில் குழந்தை பிறக்கவிருக்கிறது. ஆண் குழந்தை என்றால் தாத்தாவின் பெயரையே வைக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். அலோசியுஸ் என்ற பெயரை அவள் பக்கத்து வீட்டு முதியவரிடம் சொன்னபோது, "எங்கள் ஊரில் அது அலோய்ஸ், என் பெயரான லுட்விக்கும் அதுவும் ஒரே பெயர்தான்" என்று அவர் கூறியிருக்கிறார். இணையத்தில் தேடினால் லுட்விக் என்பதற்குப் 'புகழ்பெற்ற போர்வீரன்' என்று பொருள் போட்டிருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆரம்பப் பள்ளியில் பணியாற்றியும் ஒரு நாளும் பிரம்பைத் தொடாத மனிதருக்குப் போர்வீரன் என்ற பெயர் எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

இவை உண்மையிலேயே ஒரே பெயர்தானா, அந்தப் பொருள் சரியானதா, அது தமிழில் ஞானப்பிரகாசம் ஆனது எவ்வாறு என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வேர்தேடி

ஐயா, உங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் இரங்கல். முதல் இரண்டு கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை விடை சொல்கிறேன்; மூன்றாவதைத் திருச்சபை வரலாறு அறிந்தவர்கள் சொல்வதே முறை.

லுட்விக் என்பது இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர். முற்பாதியின் பழைய வடிவம் ஹ்லுட். 'கேட்கப்பட்ட' என்பது அதன் அடிப்படைப் பொருள். பலர் காதிலும் விழுந்த, பலரும் பேசுகின்ற, ஆகவே பேர்பெற்ற என்று அது விரிந்தது. ஒலிபெருக்கியை நாம் லவுட்ஸ்பீக்கர் என்கிறோமே, அந்த லவுட் இதே வேரிலிருந்து வந்ததுதான். பிற்பாதியான விக் என்பதற்குப் போர் என்று பொருள். வெல்லுதல் என்ற பொருளுடைய லத்தீன் வினைச்சொல் ஒன்று இதற்கு உறவு. அந்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தவைதாம் விக்டர், விக்டோரியா என்ற பெயர்கள். ஆகவே 'போரில் பேர்பெற்றவன்' என்று இணையம் சொல்வதைத் தவறென்று தள்ள முடியாது. (ஆறாம் நூற்றாண்டு லத்தீன் நூல்களில் பிற்பாதி வெக் என்று வருவதால் அதற்கு வேறு வேர் காட்டும் ஆய்வாளர்களும் உண்டு. ஆயினும் போர் என்ற விளக்கமே பரவலாக ஏற்கப்பட்டது.)

முற்பாதியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது நம் காதுக்கு அந்நியமான சொல்லே அன்று. வடமொழியில் கேட்கப்பட்டது என்பதற்கு ச்ருத என்று சொல். கேள்வியால் காக்கப்பட்ட வேதத்துக்குச் சுருதி என்று பெயர். தம்பூராவில் நாம் சேர்க்கும் சுருதியும் அதுவே. ஹ்லுட் என்பதும் ச்ருத என்பதும் ஒரே மூலச்சொல்லின் இரு கிளைகள். ஹகரமும் சகரமும் எப்படி ஒன்றாகும் என்று கேட்கலாம். நூறு என்பதற்கான சொற்களைப் பாருங்கள்: வடமொழியில் சதம், லத்தீனில் கெந்தும், ஜெர்மன் மொழியில் ஹுண்டர்ட். மூல மொழியில் ககரம் போன்று இருந்த ஓர் ஒலி லத்தீனில் ககரமாகவே நின்றது, வடமொழியில் சகரமாயிற்று, ஜெர்மானிய மொழிகளில் மூச்சொலியாகத் தேய்ந்து ஹகரமாயிற்று. இந்த மாற்றம் ஏதோ ஒரு சொல்லில் தற்செயலாக நேர்ந்ததன்று, ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது என்பதை 1822இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் விரிவாக எடுத்துக்காட்டினார். இதே வேர் கிழக்கு ஐரோப்பாவில் புகழ் என்ற பொருளில் ஸ்லாவா என்று வழங்குகிறது. யாரோஸ்லாவ் போன்ற பெயர்களின் ஈற்றில் நிற்பது அதுவே.

இந்த உறவு வேரோடு நின்றுவிடவில்லை, பெயரிடும் முறையிலும் தொடர்கிறது. பாரதத்தில் திரௌபதியின் ஐந்து மக்களுள் ஒருவன் பெயர் சுருதசேனன்: புகழ்பெற்ற சேனையை உடையவன். ஜெர்மானியரிடம் லோதார் என்றொரு பெயர் உண்டு. அதன் பழைய வடிவம் ஹ்லோதாரி; ஹ்லுட் என்பதோடு சேனை என்ற பொருளுடைய ஹாரி சேர்ந்தது. சுருதசேனனும் லோதாரும் பொருளால் ஒரே பெயர். முதன்முறையாக இதைக் கவனித்த அன்று எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

ஆனால் ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். ஜெர்மானியர் பெயரின் இரு பாதிகளையும் சேர்த்து ஒரு வாக்கியம்போலப் படிப்பது பல இடங்களில் பொருந்தாது. ஹெட்விக் என்ற பெண்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முற்பாதிக்கும் போர் என்று பொருள், பிற்பாதிக்கும் போர் என்று பொருள். ஹில்டெகுண்ட் என்ற பெயரிலும் இரண்டு பாதியும் போரே. போர்ப்போர் என்று பெற்ற மகளுக்கு யாரும் பொருள் கருதிப் பெயரிடுவதில்லை. தந்தையின் பெயரிலிருந்து ஒரு பாதி, தாயின் வழியிலிருந்து ஒரு பாதி என்று எடுத்துக் கோத்துக் குழந்தை இன்ன குடியில் பிறந்தது என்று காட்டுவதே அந்தப் பெயரின் வேலையாக இருந்தது.

மறுமொழி: நாணயப் பேழை

வேர்தேடி அவர்கள் இறுதியில் சொன்னதை வரலாற்றிலிருந்து உறுதிப்படுத்த முடியும் என்பதால் எழுதுகிறேன். நான் பழைய நாணயங்களைப் பற்றிப் படிப்பவன். மொழியியல் பயின்றவன் அல்லன்.

இந்தப் பெயரை வரலாற்றில் நிலைநாட்டியவர் பிராங்கு என்ற ஜெர்மானிய இனத்து அரசர் குளோவிஸ். 481இல் அரசேறி, 486இல் சுவாசோன் போரில் வென்று, இன்றைய பிரான்ஸின் பெரும்பகுதியைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்து, ரான்ஸ் நகர ஆயர் ரெமிஜியுஸ் கையால் ஞானஸ்நானம் பெற்று, 511இல் மறைந்தவர். குளோவிஸ் என்பது நாம் இன்று எழுதும் வடிவம். அவருக்குப் பின் அதே நூற்றாண்டில் வரலாறு எழுதிய தூர் நகரத்து ஆயர் கிரெகோரி, லத்தீனில் குளோடோவெகுஸ் என்று எழுதினார். பிராங்கு மொழியின் கரகரப்பான ஹகரத்துக்கு லத்தீனில் எழுத்து இல்லாததால் சி, ஹெச் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதினார்கள். அதுவே நாளடைவில் ககரமாக வாசிக்கப்பட்டது.

குளோவிஸின் வீட்டைப் பார்த்தால் பெயர்ப்பாதிகள் எப்படிச் சொத்துபோலக் கைமாறின என்பது விளங்கும். அவருடைய மகன்கள் குளோதார், குளோடொமேர். பேரன் குளோடொவால்ட் அரசுரிமையைத் துறந்து துறவியானார். பாரிஸ் நகரை அடுத்த சேன் குளூ என்ற ஊர் அவர் பெயரால் வழங்குவதே. தலைமுறைதோறும் ஹ்லுட் என்ற அந்தப் பாதி விடாமல் வருகிறது.

இனி, நீங்கள் கேட்ட பெயருக்கு நேரடியாகத் தொடர்புடைய நிகழ்ச்சிக்கு வருகிறேன். குளோவிஸின் மெரோவிங்கிய மரபை 751இல் அகற்றிவிட்டு அரியணை ஏறியவர்கள் கரோலிங்கியர். அவர்கள் குடும்பத்தில் பிப்பின், கார்ல், கார்ல்மன் என்ற பெயர்களே அரசுரிமை பெற்ற பிள்ளைகளுக்கு வழங்கிவந்தன. 778இல் அந்தக் குடும்பத்து அரசரான சார்லமேன் ஸ்பெயின் படையெடுப்பில் இருந்தபோது அவருடைய அரசி அக்விதேன் நாட்டில் இரட்டை ஆண் குழந்தைகளைப் பெற்றாள். அவர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் லுட்விக், லோதார். இரண்டும் அந்தக் குடும்பத்தில் அதுவரை இல்லாதவை. இரண்டும் தாங்கள் அகற்றிய மரபின் மன்னர்களான குளோவிஸ், குளோதார் என்பவர்களின் பெயர்கள். பழைய அரசர்களின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டதன் மூலம், அந்த அரசர்களின் உரிமைக்கும் தாமே வழித்தோன்றல் என்று சார்லமேன் அறிவித்தார். ஆகவே அன்று அந்தப் பெயரைக் கேட்டவர்கள் மனத்தில் போரும் புகழும் தோன்றியிருக்கும் என்று நான் எண்ணவில்லை, குளோவிஸ் தோன்றியிருப்பார். என் கருத்தில், அந்தப் பெயரின் உண்மையான பொருள் அதுதான்.

லோதார் குழந்தையிலேயே இறந்துவிட, லுட்விக் 814இல் பேரரசரானார். வரலாற்றில் பக்திமான் லூயி என்று சொல்லப்படுபவர் அவரே. அவருடைய வெள்ளிக்காசு ஒன்றை ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். நம் பழைய ஐந்து பைசாவைவிடவும் மெல்லிய தகடு. ஒரு பக்கம் நடுவில் சிலுவை, அதன் நான்கு மூலைகளிலும் நான்கு புள்ளிகள். சுற்றிலும் அரசர் பெயர். மறுபக்கம் தூண்கள் நிற்கும் கோயில் முகப்பு, அதைச் சுற்றிக் கிறிஸ்தவ சமயம் என்று பொருள்படும் லத்தீன் சொற்கள். பெயரின் முதல் எழுத்து ஹெச். அடுத்து எல். நடுவில் இரண்டு வி எழுத்துகள் அடுத்தடுத்து வெட்டப்பட்டிருக்கின்றன, ஏனெனில் டபிள்யூ என்ற எழுத்து அப்போது தனியாகப் பிறக்கவில்லை. ஹ்லுடோவ்விகுஸ் என்று எழுத்துக் கூட்டிப் படித்தபோது, ச்ருத என்ற சொல்லுக்கு உறவான அந்த மூச்சொலி இன்னும் உயிரோடு இருந்த காலத்துச் சாட்சியைப் பார்க்கிறோம் என்று தோன்றியது. அடுத்த சில தலைமுறைகளில் அந்த ஹகரம் பேச்சில் மறைந்துவிட்டது. லகரத்தோடு தொடங்கும் லுட்விக்கும் லூயியும் அதன் பின் வந்தவை.

இதன் விளைவாக ஒரு விந்தையும் நேர்ந்தது. பிரான்ஸ் அரசர்களில் முதலாம் லூயி என்று எண்ணப்படுபவர் இந்தப் பக்திமானே. குளோவிஸ் என்ற பெயருடைய மெரோவிங்கிய மன்னர்கள் அந்த எண்ணிக்கையில் சேரவில்லை. ஒரே பெயர் ககரத்தோடு நின்றபோது ஒரு வரிசையாகவும், லகரத்தோடு தொடங்கியபோது வேறு வரிசையாகவும் பிரிந்துவிட்டது. பதினான்காம் லூயியும், 1793இல் தலை துண்டிக்கப்பட்ட பதினாறாம் லூயியும் இரண்டாம் வரிசையைச் சேர்ந்தவர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கட்டி, 1761இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்த கோட்டைக்கும் லூயி என்றே பெயர்.

தமிழில் பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் மரூஉ என்பதை நீங்கள் அறிவீர்கள். தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் என்பதே அதன் கருத்து. உங்கள் தங்கை மகள் செய்ய விரும்புவதும் 778இல் செய்யப்பட்டதும் ஒரே வகையான செயல்கள்.

மறுமொழி: இசார் கரை

நான் மியூனிக்கில் படிக்கும் மாணவன். முன்னவர்கள் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஜெர்மன் பெயர் அகராதிகள் சிலவற்றில் அலோய்ஸ் என்ற பெயருக்கு லுட்விக்கோடு தொடர்பில்லாத வேறொரு மூலமும் காட்டப்படுகிறது. முழுவதும் என்ற பொருளுடைய அல், அறிவுடைய என்ற பொருளுடைய விஸ் ஆகிய இரண்டும் சேர்ந்த அல்விஸ் என்பதே அதன் மூலம் என்கிறார்கள். அப்படியானால் முற்றறிவுடையவன் என்று பொருளாகிறது. ஞானப்பிரகாசம் என்ற தமிழ்ப்பெயர் அதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். உங்கள் தந்தையாரின் பெயருக்குப் போரோடு தொடர்பே இல்லாமல் இருக்கலாம் அல்லவா? மொழிபெயர்த்தவர்கள் இதை அறிந்துதான் மொழிபெயர்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி: பழைய ஏடு

தம்பி சொன்ன விளக்கம் கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. அதை ஏற்க முடிந்தால் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் சான்று அதற்கு இடம் தரவில்லை. பங்குப் பதிவேடுகளைப் படியெடுக்கும் பணியைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அல்விஸ் என்று ஒரு பழைய ஜெர்மானியப் பெயர் இருந்திருக்கலாம். நம் பதிவேடுகளில் உள்ள அலோசியுஸ் எந்த மனிதரிடமிருந்து வந்தது என்பதே இங்கே கேள்வி. அதற்கு ஐயமற்ற விடை இருக்கிறது. 1568இல் வட இத்தாலியில் காஸ்டிலியோனே தெல்லெ ஸ்திவியெரே என்ற ஊரில் பிரபுக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்து, பட்டத்துரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்து, ரோம் நகரில் கொள்ளைநோயில் விழுந்தவர்களைத் தோளில் சுமந்து பணிவிடை செய்து, அந்த நோயே தொற்றி 1591 ஜூன் 21ஆம் நாள் இருபத்து மூன்று வயதில் இறந்த இளைஞர் அவர். 1726இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியது. வீட்டிலும் ஊரிலும் அவர் பெயர் லூயிஜி. லூயிஜி என்பது லூயி என்பதன் இத்தாலிய வடிவம். அதை லத்தீனில் எழுதும்போது, தென்பிரான்ஸ் மொழியில் லூயிக்கு வழங்கிய அலோய்ஸ் என்ற வடிவத்தை ஒட்டி அலோசியுஸ் என்று எழுதினார்கள். ஆகவே லூயிஜி, அலோசியுஸ், லூயி, லுட்விக் ஆகியவை ஒரே பெயர் என்று பக்கத்து வீட்டு முதியவர் சொன்னது முற்றிலும் சரி. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் அலோய்ஸ் என்ற பெயர் வீட்டுக்கு வீடு பரவியதற்கும் இந்தப் புனிதரின் மீது கொண்ட பக்தியே காரணம்.

இப்போது தமிழுக்கு வருவோம். நம் பழைய குருக்கள் புனிதர்களின் பெயர்களை ஒலிபெயர்ப்பதைவிடப் பொருள்பெயர்ப்பதையே விரும்பினார்கள். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். தமிழில் சின்னப்பர் ஆனார். யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் இருக்கிறது, அருளப்பர் ஆனார். நிலைபெயராமை என்ற பொருள் கொண்ட கொன்ஸ்தான்சோ என்ற தம் பெயரை வீரமாமுனிவர் முதலில் தைரியநாதர் என்றே தமிழாக்கிக்கொண்டார். அந்த வழியில் பார்த்தால் அலோசியுஸ் என்பதற்குப் போர் சார்ந்த ஒரு தமிழ்ப்பெயர் வந்திருக்க வேண்டும். அப்படி வராமல் அர்ச். (அர்ச்சியசிஷ்ட, அதாவது புனித) ஞானப்பிரகாசியார் என்று வந்திருக்கிறது. எனவே இது வேர்ப்பொருளின் மொழிபெயர்ப்பு அன்று. அந்த இளைஞரின் வாழ்க்கையை நினைத்துச் சூட்டிய பெயர் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெயரின் வேரை விட்டுவிட்டு, பெயரைத் தாங்கிய மனிதரை மொழிபெயர்த்திருக்கிறார்கள். பிரம்பைத் தொடாத ஓர் ஆசிரியருக்கு அது எவ்வளவு தகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. வீரமாமுனிவர் பிறந்த ஊரும் அதே காஸ்டிலியோனேதான். 1680இல் அவர் பிறந்தபோது அந்த ஊரின் தெருக்களில் லூயிஜியின் நினைவு நிறைந்திருந்திருக்கும். லூயிஜிக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்ட 1726ஆம் ஆண்டில் முனிவர் தமிழகத்தில் இருந்தார். தேம்பாவணி தந்த கைகளும் உங்கள் தந்தையின் பெயர்ப்புனிதரும் ஒரே ஊர்.

ஐயா, சான்றிதழில் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட தேதி என்னவென்று பார்க்க இயலுமா? காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மறுமொழி: இசார் கரை

திருத்தியமைக்கு நன்றி, ஐயா. மொழிபெயர்ப்பாளர்கள் அல்விஸ் என்பதை அறிந்திருப்பார்கள் என்று நான் சொன்னது வெறும் ஊகமே. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

இங்குள்ள வழக்கைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்; பெயர் வைப்பதற்குப் பயன்படலாம். லுட்விக் என்பதை வடக்கிலும் செய்தி வாசிப்பிலும் லூட்விஷ் என்பதுபோல ஈற்றைத் தேய்த்து ஒலிப்பார்கள். மியூனிக்கில் லூட்விக் என்று ககரம் தெளிவாகக் கேட்கும். வீட்டில் செல்லமாக அழைக்கும்போது லுட்விக் விக்கெர்ல் ஆவான், அலோய்ஸ் லோய்ஸ்ல் ஆவான். இரண்டும் பவேரிய வழக்கு.

ஒரே மனிதர் இந்தப் பெயரின் பல வடிவங்களைத் தாங்குவது இங்கே புதிதன்று. இசைமேதை பேத்தோவனின் தாத்தா இன்றைய பெல்ஜியத்தில் மெக்கெலன் நகரில் பிறந்தவர், அவர் லோடவைக். 1770 டிசம்பர் 17ஆம் நாள் பான் நகரில் அந்தத் தாத்தாவையே ஞானத்தந்தையாகக் கொண்டு பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது பதிவேட்டில் லத்தீனில் லுடோவிகுஸ் என்று எழுதினார்கள். ஊர் அறிந்தது லுட்விக். பின்னாளில் இசைநூல்களின் முகப்பில் பிரெஞ்சு முறைப்படி லூயி என்றும் அச்சாயிற்று. உங்கள் தந்தையாரின் சான்றிதழில் லத்தீனும் தமிழும் மேலும் கீழுமாக இருப்பதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஞானஸ்நானம் நடந்தது புனித ரெமிஜியுஸ் பங்கில். குளோவிஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே ரெமிஜியுஸ்.

பழைய ஏடு அவர்கள் தேதியைக் கேட்பதன் காரணத்தை ஊகிக்கிறேன். பவேரிய அரசர் முதலாம் லுட்விக் 1786 ஆகஸ்ட் 25ஆம் நாள் பிறந்தார். அது பிரான்ஸ் அரசரான புனித ஒன்பதாம் லூயியின் திருநாள். முதலாம் லுட்விக்கின் பேரனுக்கு ஓட்டோ என்று பெயரிடப் பெற்றோர் எண்ணியிருந்தார்கள்; ஆனால் 1845இல் குழந்தை அதே ஆகஸ்ட் 25ஆம் நாள் பிறந்துவிட்டதால், தாத்தா விடாப்பிடியாகத் தம் பெயரையே வைக்கச் செய்தார். நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையைக் கட்டிய இரண்டாம் லுட்விக் அவரே. பொருளும் இல்லை, போரும் இல்லை, நாட்காட்டி கொடுத்த பெயர்.

மறுமொழி: வேர்தேடி

பழைய ஏடு அவர்களின் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஒலியும் பொருளும் அருகருகே வந்துவிட்டால் உறவு என்று துணிந்துவிடும் ஆவல் வேர்ச்சொல் தேடுவோர் எல்லோருக்கும் உண்டு. நானும் பலமுறை அதில் வழுக்கியிருக்கிறேன். ஹ்லுட் என்பதையும் ச்ருத என்பதையும் நாம் இணைப்பது அவை ஒத்து ஒலிப்பதால் அன்று. ஒலி மாறிய வழி நூற்றுக்கணக்கான சொற்களில் ஒரே சீராக நிற்பதால்தான் இணைக்கிறோம். அலோசியுஸ் விஷயத்தில் பெயர் கைமாறிய வழி ஆள் ஆளாகத் தெரிந்திருக்கிறது: பிராங்கு அரசர்களிடமிருந்து பிரான்ஸுக்கும், அங்கிருந்து இத்தாலிக்கும், இத்தாலியிலிருந்து ஒரு புனிதர் வழியாகத் தமிழ்க் கடற்கரைக்கும். அவ்வளவு தெளிவான தடம் இருக்கும்போது வேறொன்றைத் தேட வேண்டிய தேவை இல்லை.

ஆங்கில லூயிஸ் என்ற பெயரை வைத்து ஒரு சிறு எச்சரிக்கையும் தருகிறேன். வேல்ஸ் நாட்டில் அந்தப் பெயர் பல குடும்பங்களில் லுட்விக்கிலிருந்து வந்ததன்று. லெவெலின் என்ற அவர்களுடைய சொந்தப் பெயருக்கு ஆங்கிலேயர் காதுக்கு ஏற்ற மாற்றாக வைத்துக்கொண்டதே. ஆகவே எழுத்து ஒன்றாக இருப்பதாலேயே பெயரும் ஒன்று என்று கொள்ள முடியாது. தடம்தான் முக்கியம்.

கேள்வி கேட்டவர்: கடலோரப் பங்கு

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் ஒவ்வொருவரின் மறுமொழியையும் தங்கை மகளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். சுருதசேனன் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடியும் வாசிக்கக் கேட்டாள்.

பழைய ஏடு ஐயா, நீங்கள் கேட்டபடி சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். தேதி இருக்கும் இடத்தில்தான் மடிப்பு கிழிந்திருந்ததால் என்னால் உறுதியாகப் படிக்க முடியவில்லை. எனவே நேற்றுக் காலைப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் அனுமதி பெற்று, உபதேசியார் துணையோடு அலமாரியிலிருந்த மூலப் பதிவேட்டையே திறந்து பார்த்தோம். பூச்சி அரித்த ஓரங்கள். ஆனால் வரி தெளிவாக இருக்கிறது. பிறப்பு 1948 ஜூன் 18. ஞானஸ்நானம் ஜூன் 21. ஞானத்தந்தையின் பெயருக்கு நேரே என் பாட்டனாரின் அண்ணன் பெயர். கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை. நீங்கள் எதிர்பார்த்த நாள் அதுதான் என்று இப்போது எனக்கும் விளங்குகிறது. அதே பக்கத்தில், அதே நாளில், இன்னும் இரண்டு ஆண் குழந்தைகளுக்கும் அலோசியுஸ் என்றே எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்றும் எங்கள் தெருவில் இருக்கிறார். அவருக்கும் தம் பெயர் ஞானப்பிரகாசம் என்று மட்டுமே தெரியும். மாலையில் அவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

மறுமொழி: பழைய ஏடு

மிக்க மகிழ்ச்சி, ஐயா. ஜூன் 21 புனித அலோசியுஸின் திருநாள். அந்தப் பக்கத்தைப் பங்குத்தந்தையின் அனுமதியோடு நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓரம் அரித்த ஏடுகள் அடுத்த மழைக்காலத்தைத் தாங்குவது அரிது. மியூனிக்கில் குழந்தையின் பெயரைப் பதியும்போது அலோய்ஸ் ஞானப்பிரகாசம் என்று இரண்டையும் சேர்த்து எழுதலாமா என்று அங்குள்ள பதிவலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் இருப்பதுபோலவே அடுத்தடுத்து இருக்கட்டும்.